ஓடுகிற இணையதளத்தை நேரில் பேசி வாங்கி விற்பது: நெல்லைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களில் வெப் டிசைன், எஸ்இஓ (தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவது) வேலை பார்ப்பவர்களிடம் வந்து விழும் கேள்விகள் இவை. ஏலத் தளங்களில் எடுக்காமல், உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி ஒரு தளத்தை வாங்கி, சீர்செய்து, கூடுதல் விலைக்கு விற்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்களில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை.

அண்ணாச்சி, வெப்சைட்ட வாங்கி விக்கதுன்னா டொமைன் பேர வாங்கி விக்கது தானே?

இல்லை. டொமைன் என்பது தளத்தின் முகவரிப் பெயர். அந்த வியாபாரத்தில் வெறும் பெயருக்கு விலை. ஓடுகிற தளத்தை வாங்கும்போது பெயரோடு கட்டுரைகள், படங்கள், தரவுத்தளம், கூகுளில் பிடித்து வைத்திருக்கும் இடம், பேஸ்புக் பக்கம், மின்னஞ்சல் பட்டியல் எல்லாம் சேர்ந்து வரும், அல்லது வர வேண்டும். இதில் எது உண்மையிலேயே கைமாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தத் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி.

கூகுள் விளம்பரம் போட்டுக் காசு வாங்கும் ஆட்சென்ஸ் கணக்கும், அமேசான் பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கும் அமேசான் அசோசியேட்ஸ் கணக்கும் கைமாறாது. அவை ஆளுக்குக் கொடுத்தவை, தளத்துக்குக் கொடுத்தவை அல்ல. "ஆட்சென்ஸ் அப்ரூவலோட தாரேன்" என்று யாராவது சொன்னால், உங்கள் கணக்கில் அந்தத் தளத்துக்கு நீங்கள் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிப்பாவுல போய்ப் பாத்தா ஆயிரம் சைட் கெடக்கே. நேர்ல தேடி எதுக்கு அலையணும்?

விலைக்காக. ஃபிலிப்பா என்பது தளங்களை ஏலத்தில் வாங்கி விற்கும் இணையச் சந்தை. அங்கே விற்க வருபவருக்குச் சந்தை நிலவரம் தெரியும். மாத நிகர லாபத்தைப் போல 24 முதல் 40 மடங்கு வரை பேசுவார், போட்டிக்கு இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். அந்த விலைக்கு வாங்கி அதே சந்தையில் விற்றால் கமிஷன் போக ஒன்றும் மிஞ்சாது. மறுவிற்பனையில் லாபம் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. விற்கும் யோசனையே இல்லாதிருந்த ஒருவரிடம் நேராகப் பேசி 12 முதல் 20 மடங்குக்குள் முடித்தால்தான் பிழைப்பு.

அதற்குப் பதிலாக ஒரு சுமை உண்டு. சந்தைத் தளம் பெயருக்காவது செய்கிற சரிபார்ப்பு, பணப் பாதுகாப்பு, ஒப்பந்த வாசகம் எல்லாம் உங்கள் தலையில் வந்துவிடும்.

வித்துருவாங்கன்னு தோணுத சைட்ட எப்படிக் கண்டுபிடிக்கது?

உங்களுக்கு விஷயம் தெரிந்த துறையில் தேடுங்கள்: டிஎன்பிஎஸ்சி குறிப்புகள், நெல் வாழை சாகுபடி, கல்யாணப் பத்திரிகை வாசகங்கள், கோவில் தலவரலாறு, சமையல். கூகுளில் தேடி முதல் நான்கு முடிவுகளை விட்டுவிட்டு, ஐந்தாவதிலிருந்து மூன்றாம் பக்கம் முடிய ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கடைசிப் பதிவு ஒரு வருஷம் முந்தையது, அடியில் பதிப்புரிமை ஆண்டு பழையது, தொடர்புப் படிவம் வேலை செய்யவில்லை, கைபேசியில் எழுத்து சிதறுகிறது, ஆனால் பின்னூட்டங்கள் மட்டும் இன்னும் வருகின்றன என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு ஆர்வமாக ஆரம்பித்து, இரண்டு மூன்று வருஷத்தில் வேலை கிடைத்தோ கல்யாணம் ஆகியோ கைவிடப்பட்டவை இந்த வகையில் நிறைய.

உள்ளூரில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) மறுவிற்பனை செய்பவர்களுக்கும் தளம் கட்டிக் கொடுப்பவர்களுக்கும் யார் ரினிவலுக்கு இழுத்தடிக்கிறார் என்று தெரியும். தகவலுக்கு ஒரு தொகை என்று முதலிலேயே பேசிவிட்டால் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

செய்தித் தளம், சினிமா கிசுகிசு, பாடல் வரித் தளம் மூன்றையும் தொட வேண்டாம். முதல் இரண்டும் தினமும் ஆள் வைத்து எழுதினால்தான் ஓடும். மூன்றாவதில் விற்பவருக்கே உரிமை கிடையாது.

ரினிவல் பண்ணாம விட்டுட்டா நாமளே புதுசா எடுத்துக்கிடலாமே? துட்டு குடுப்பானேன்?

பெயரை எடுக்கலாம், தளத்தை எடுக்க முடியாது. ஒரு டாட்காம் காலாவதியானால், பெயரைப் பதிந்து கொடுக்கும் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியாக 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதற்குப் பிறகு விடுபட்ட நொடியில் பிடிக்கவே மென்பொருளோடு காத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. பல பதிவாளர்கள் அந்தக் கட்டத்துக்கு விடாமல் முன்பே ஏலம் போட்டுவிடுகிறார்கள்.

பெயர் கிடைத்தாலும் கட்டுரைகளின் பதிப்புரிமை பழையவரிடமேதான் இருக்கிறது. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்து பக்கங்களை எடுத்து மறுபடி போடுவது திருட்டு. பழைய பெயரின் செல்வாக்கை வைத்துச் சம்பந்தமில்லாத சரக்கை ஏற்றுவதைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. அந்த வழி இனி ஓடாது.

ஓனர் யாருன்னே தெரியலையே. ஹூஇஸ்ல எல்லாத்தையும் மறைச்சிருக்கு.

ஹூஇஸ் என்பது டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பொதுப் பதிவேடு. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமை விதி வந்ததிலிருந்து அப்படித்தான். ஆனாலும் பதிவாளரின் பக்கத்தில் உரிமையாளருக்குச் செய்தி அனுப்பும் படிவம் பெரும்பாலும் இருக்கும். அதைவிடப் பலன் தருவது தளத்தின் பழைய தொடர்புப் பக்கத்தை வேபேக் மெஷினில் பார்ப்பது. இப்போது படிவம் மட்டும் இருக்கும் இடத்தில் ஆறு வருஷத்துக்கு முன் சொந்த மின்னஞ்சலையே போட்டிருப்பார்கள். கட்டுரைகளில் ஆசிரியர் பெயர், இணைத்திருக்கும் யூடியூப் சேனல், பேஸ்புக் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதி ஆகியவற்றையும் பாருங்கள்.

கிடைத்த எண்ணுக்கு உடனே போன் போடாதீர்கள். முன்பின் தெரியாத ஆள் "ஒங்க சைட்ட விக்கியளா" என்று கேட்டால் மோசடி என்றுதான் நினைப்பார்கள். முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

மெயில்ல என்ன எழுதணும்? வெலைய மொதல்லயே சொல்லிரவா?

விலை வேண்டாம். "உங்கள் தளம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது" என்ற தொனியும் வேண்டாம். ரோஷத்தில் மறுநாளே புதுப் பதிவு போட்டுவிடுவார். இந்த அளவு போதும்: "வணக்கம் ஐயா. உங்கள் தளத்தில் பனைத்தொழில் பற்றிய கட்டுரைகளைப் படித்தேன். தளத்தை விற்கும் எண்ணம் எப்போதாவது இருந்தால் வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், நேரிலும் பேசலாம். விருப்பமில்லை என்றாலும் ஒரு வரி போடுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்." எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள் என்று குறிப்பிடுவதுதான் இதில் முக்கியம். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புகிற ஆள் அல்ல என்று அதில்தான் தெரியும்.

பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒன்று, இரண்டு மாதம் கழித்து ஒன்று. அதற்கு மேல் விட்டுவிடுங்கள். டொமைன் ரினிவல் தேதிக்கு ஒரு மாதம் முன்பு போகிற மடலுக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம், செலவு அவர் கண்ணுக்குத் தெரிகிற நேரம் அது. காலாவதித் தேதி மட்டும் ஹூஇஸ் விவரத்தில் மறைக்கப்படுவதில்லை.

மாசம் ஒம்பதாயிரம் வருது, முப்பது மாச வருமானம், ரெண்டு லட்சத்து எழுவதாயிரம் குடுன்னு கேக்காரு. நியாயமான வெலையா?

வருமானத்தைப் பெருக்கக் கூடாது, நிகர லாபத்தைப் பெருக்க வேண்டும். 9,000 ரூபாயில் ஹோஸ்டிங் மாதம் 500, டொமைன் 100, கட்டுரை எழுதுபவருக்கு 2,000 போனால் 6,400. அவரே மாதம் பத்து மணி நேரம் உட்கார்கிறார் என்றால் அந்த உழைப்புக்கும் விலை உண்டு. மணிக்கு 150 என்று வைத்தாலும் 1,500 கழியும். மிச்சம் 4,900. இருபது மடங்கு போட்டால் 98,000 ரூபாய்.

விற்பவர்கள் தங்கள் உழைப்பைக் கழிக்க மறப்பது வழக்கம், வேண்டுமென்றே செய்வதில்லை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எதிரில் வைத்துப் பேசினால் சண்டையில்லாமல் இறங்கி வருவார்கள். ஒரே பக்கத்திலிருந்து பாதிக்கு மேல் வருமானம் வந்தாலும், ஒரே விளம்பரதாரரை நம்பியிருந்தாலும் மடங்கை இன்னும் குறையுங்கள்.

குத்தாலம் லாட்ஜ் சைட் ஒண்ணு. ஜூலைல மட்டும் அம்பதாயிரம் பேரு வந்திருக்காவ. வாங்கிரலாமா?

ஜூலையில் யாருக்குத்தான் வரமாட்டார்கள்? சாரல் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அந்தத் தளத்துக்கு வேலை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களால் ஒரு சின்ன ஏற்றம் இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஈ ஓட்டும். பருவத் தளம் எதுவானாலும் முழுப் பன்னிரண்டு மாத லாபத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால்தான் மாத லாபம். தென்மேற்குப் பருவம் பொய்த்த வருஷம் ஒன்று கணக்கில் இருந்தால் அதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அடி எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

இப்படிப்பட்ட தளத்தைப் பேச மார்ச் நல்ல மாதம். தளம் தூங்குகிற நேரத்தில் உரிமையாளருக்கும் ஆசை குறைந்திருக்கும். டிஎன்பிஎஸ்சி தளங்களுக்கும் இதே முறைதான், அங்கே மழைக்குப் பதில் தேர்வு அறிவிப்பு.

ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பிட்டாரு. அது போதாதா?

போதாது. உலாவியில் இரண்டு சொடுக்கில் எந்த எண்ணையும் மாற்றிப் படம் எடுக்கலாம். கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் உங்கள் மின்னஞ்சலைப் பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அது 16 மாதத் தரவு காட்டும். முதலில் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஆட்கள் பார்த்துப் போட்ட தண்டனை), பாதுகாப்புச் சிக்கல் ஆகிய இரண்டு பகுதிகளைத் திறங்கள், அதில் ஏதாவது இருந்தால் மேலே பார்க்க வேண்டியதில்லை. பிறகு எந்தத் தேடல் சொற்களுக்கு எத்தனை சொடுக்கு என்று பாருங்கள். தளத்தின் பெயரைத் தேடியே பாதிப் பேர் வருகிறார்கள் என்றால் அது வேறு வகைத் தளம், எஸ்இஓ கணக்கு அதற்குப் பொருந்தாது.

தள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். நேரடி வருகை ஏராளம், சராசரி ஈடுபாட்டு நேரம் மூன்று நான்கு வினாடி என்றால் அது காசு கொடுத்து வாங்கிய போலிக் கூட்டம். தமிழ்த் தளத்துக்குத் தமிழ்நாடு, இலங்கை, வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா தவிர வேறு ஊர்கள் முதலிடத்தில் நிற்பதும் அப்படியே.

ஆட்சென்ஸ் வருமானத்தை வீடியோ அழைப்பில் திரை பகிர்ந்து, பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே கணக்கில் நான்கு தளம் ஓடலாம், ஆகவே தளவாரி அறிக்கை வேண்டும். 100 டாலர் சேர்ந்தபின் மாதத்தின் 21 முதல் 26-க்குள் கூகுள் பணம் அனுப்பும். அந்தத் தேதிகளை ஒட்டி வங்கி அறிக்கையில் வரவு இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். செல்லாத வருகைக்காகப் பிடித்த தொகை என்று மாதாமாதம் ஒரு கழிவு வரி தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

டொமைன் ரொம்பப் பழசுங்காரு. பழசுன்னா நல்லது தானே?

நடுவில் கை மாறாமல் இருந்தால் நல்லது. நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல வேபேக் மெஷினில் ஆண்டுக்கு இரண்டு பிரதியாவது திறந்து பாருங்கள். இடையில் இரண்டு வருஷம் சூதாட்டப் பக்கமோ ஜப்பானிய எழுத்தில் கடைப் பக்கமோ இருந்தால் அந்தக் கறை தளத்தோடு வரும். வெளித் தளங்கள் கொடுத்த இணைப்புகளைக் காட்டும் ஏரெஃப்ஸ் போன்ற கருவியில் அந்த இணைப்புகளின் சொற்களைப் பார்த்தாலும் தெரியும். சமையல் தளத்துக்குச் சூதாட்டச் சொல்லில் இணைப்பு எதற்கு?

கட்டுரைகளையும் இதே நேரத்தில் சோதியுங்கள். பத்துக் கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். நாளிதழ்களிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டவை இதிலேயே மாட்டிவிடும். படங்களையும் சிலவற்றைத் தலைகீழ்த் தேடலில் போடுங்கள்.

பிரபலமான அல்வாக் கடை பேருல டொமைன் ஒண்ணு வெலைக்கு வருது. எடுத்துப் போடவா?

வேண்டாம். அடுத்தவர் வணிகக் குறியை வைத்திருக்கும் பெயரை விற்க வாங்குவதே தீய நோக்கத்துக்குச் சான்றாகும். டாட்காமுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்ற தகராறு முறையும், டாட்இன்னுக்கு ஐஎன்டிஆர்பி முறையும் உண்டு. பெயர் போய்விடும், கொடுத்த காசும் திரும்பாது. பத்தமடைப் பாய், கோவில்பட்டி கடலை மிட்டாய் போன்ற புவிசார் குறியீடு பெற்ற பெயர்களிலும் கவனமாக இருங்கள். அவற்றைப் பற்றி எழுதலாம். அந்தப் பெயரில் வேறு ஊர்ச் சரக்கை விற்கும் தளம் வில்லங்கம்.

பழைய தமிழ் சைட், எழுத்தெல்லாம் கிறுக்குன மாதிரி தெரியுது. சும்மா எடுத்துக்கோங்கன்னு சொல்லுதாரு. அதுல என்ன இருக்கு?

விஷயம் தெரிந்தவருக்கு அதுதான் பொன் விளையும் பூமி. பாமினி, திஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் எழுதியவை அவை. அந்த எழுத்துருவைக் கணினியில் ஏற்றினால்தான் வாசிக்க முடியும். கூகுளுக்கு அது தமிழாகவே தெரியாது, ஆகவே தேடலில் வருவதில்லை. நல்ல ஆள் பத்து வருஷம் எழுதிய வட்டார வரலாறோ சித்த மருத்துவக் குறிப்போ அப்படிக் கிடந்தால், யூனிகோடுக்கு மாற்றி ஏற்றிய பிறகுதான் அந்தத் தளம் தேடலில் பிறக்கிறது.

மாற்றிக் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் அவை சிதைத்துவிடும், கொம்பும் காலும் இடம் மாறும். நூறு கட்டுரைக்கு ஒரு ஆள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கும் கூலியை வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சும்மா கொடுத்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

பிளாக்ஸ்பாட்ல நல்லா ஓடுத பிளாக். சொந்த டொமைன் கெடையாது. வாங்கலாமா?

பிளாக்கரில் உங்களை நிர்வாகியாகச் சேர்த்துவிட்டு அவர் விலகலாம், அது எளிது. ஆனால் முகவரி கூகுளுடையது. வேறு ஹோஸ்டிங்குக்குப் போனால் பழைய முகவரிகளிலிருந்து முறையான 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) வைக்க முடியாது, தேடலில் சேர்த்த இடமெல்லாம் போகும். மறுவிற்பனைக்கு வாங்கவே வேண்டாம். முதலில் அவரையே சொந்த டொமைன் இணைக்கச் சொல்லி, ஆறு மாதம் நிலைத்த பின் பேசலாம்.

தெரிஞ்ச பையன் தான், மேலப்பாளையத்துக்காரன். அக்ரிமெண்டெல்லாம் வேணுமா?

வேண்டும், அதுவும் இந்த ஒரு காரணத்துக்காகவே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி பதிப்புரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். "தளத்தை விற்றுவிட்டேன்" என்று ஒரு வரி வாங்கி வைத்திருந்தால் ஐந்து ஆண்டுக்குப் பிறகு கட்டுரைகள் அவருடையவை. ஆகவே "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். பின்னிணைப்பில் கட்டுரைகளின் முகவரிப் பட்டியலும் இருக்க வேண்டும்.

கூலிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டா என்று கேளுங்கள். சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதியவருக்குத்தான் முதல் உரிமை. அவர்களிடமிருந்து விற்பவர் எழுதி வாங்கியிருக்காவிட்டால், உங்களுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. விற்பனைக்கு முன் அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அதே விஷயத்தில் அவர் மறுபடி தளம் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். பொதுவாகத் தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. நற்பெயரை விற்கும்போது மட்டும், எல்லை குறிப்பிட்ட நியாயமான தடைக்கு விலக்கு உண்டு. எனவே நற்பெயரும் சேர்ந்தே விற்கப்படுகிறது என்று எழுதி, எல்லையையும் காலத்தையும் குறிப்பிட வேண்டும். இந்தப் பத்தியை மட்டும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

துட்ட எப்பம் குடுக்கது? மொதல்ல துட்டா, மொதல்ல டொமைனா?

ஊருக்குள் என்றால் இரண்டையும் ஒரே மேஜையில் முடிக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று 10 சதவீதம். அவர் தரும் முழு காப்புப்பிரதியை உங்கள் ஹோஸ்டிங்கில் ஏற்றி ஓடுகிறது என்று கண்டபின், இருவரும் உட்கார்ந்து டொமைனை உங்கள் கணக்குக்குத் தள்ளியதும் 60 சதவீதம். மீதி 30 சதவீதம் ஒரு மாதம் கழித்து. அந்த 30 கையில் இருக்கும்வரை அவர் உங்கள் போனை எடுப்பார். எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

வெளிநாட்டு ஆள் என்றால் பணத்தை நடுவில் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ.காம் போன்ற இடைக்காப்புச் சேவை. விற்பவர் அனுப்பும் இணைப்பைச் சொடுக்காதீர்கள், முகவரியை நீங்களே தட்டுங்கள். அதே தோற்றத்தில் போலிப் பக்கம் கட்டிப் பணம் பிடுங்குவது பழைய வித்தை.

டொமைன் கைக்கு வந்துட்டு. இனி என்னத்த மாத்தணும்?

டொமைன் பற்றியே முதலில். ஒரே பதிவாளரிடம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது சில நிமிட வேலை. வேறு பதிவாளருக்கு மாற்ற அங்கீகாரக் குறியீடு வேண்டும், ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். புதிதாகப் பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் டாட்காம் பொதுவாகப் பூட்டியிருக்கும். விரைவில் விற்கும் எண்ணமிருந்தால் வேறு பதிவாளருக்கு மாற்றாமல் அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. நேம்சர்வரைத் தொடும் முன் டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மின்னஞ்சலும் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) அனைத்தையும் நகலெடுங்கள். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை விட்டுவிட்டு, கடிதம் வரவில்லை என்று ஒரு வாரம் தேடுகிறவர்கள் அதிகம்.

தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடினால், அதில் பழைய நிர்வாகிகளையும் பயன்பாட்டுக் கடவுச்சொற்களையும் நீக்குங்கள். காசு கொடுக்காமல் இறக்கிய உடைத்த தீமும் (தளத்தின் தோற்றம்) பிளகினும் (கூடுதல் வசதி) இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள், பின்கதவு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். சர்ச் கன்சோலில் பழையவரை நீக்கினால் மட்டும் போதாது. அவர் வைத்த சரிபார்ப்புக் கோப்போ டிஎன்எஸ் வரியோ இருக்கும்வரை மறுபடி உள்ளே வரலாம்.

விளம்பரத்தில், தளத்தின் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று சொல்லும் ஆட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பிலும் தீமிலும் ஒவ்வொரு விட்ஜெட்டிலும் பழையவரின் ஆட்சென்ஸ் வெளியீட்டாளர் எண்ணைத் தேடி மாற்ற வேண்டும். ஒரு விட்ஜெட்டில் விட்டுப்போனாலும் அந்த இடத்து வருமானம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும், அவரும் சொல்ல மாட்டார். உங்கள் கணக்கில் ஒப்புதலுக்குச் சில நாளிலிருந்து நான்கு வாரம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் வருமானம் சுழியம் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

வாங்குன மூணாவது வாரமே டிராபிக் பாதியாயிட்டு. ஏமாத்திட்டானா?

இருக்கலாம். ஆனால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். சோதனைப் பிரதியில் "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்று வைத்த குறியை எடுக்காமலே நேரலைக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். அல்லது தரவுத்தளத்தை ஏற்றும்போது எழுத்துக்குறியீடு யுடிஎஃப்-8 அல்லாமல் போய்த் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக மாறியிருக்கும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்கு 200 எழுத்து இடம்தான் ஒதுக்குகிறது. தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியீடாக மாறி ஒன்பது எழுத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே சுமார் 22 குறிகளுக்குமேல் வெட்டிவிடும். கூகுளிடம் இருப்பது அந்த வெட்டுப்பட்ட முகவரிதான். வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது தலைப்பிலிருந்து முழு முகவரியைப் புதிதாக உருவாக்கினால் பழைய முகவரிகள் எல்லாம் 404 (பக்கம் இல்லை) ஆகும். சர்ச் கன்சோலிலிருந்து பழைய முகவரிகளை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் 301 போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வெளி இணைப்புகளைப் பாருங்கள். விற்றபின் தன் மற்ற தளங்களிலிருந்து கொடுத்த இணைப்புகளை விற்பவர் எடுத்துவிட்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் "இணைப்புகளை இரண்டு ஆண்டு எடுக்கக் கூடாது" என்ற வரி இதற்காகத்தான். மீதி 30 சதவீதம் உங்களிடம் இருப்பதும் இதற்குத்தான். அதே வாரம் கூகுள் பெரிய மாற்றம் அறிவித்திருந்தால் யார் மேலும் குற்றமில்லை.

எத்தன மாசம் வச்சிருந்து விக்கணும்? என்ன மிஞ்சும்?

அடுத்து வாங்குபவரும் பன்னிரண்டு மாத அறிக்கை கேட்பார். அதில் உங்கள் பெயரில் எட்டு மாதமாவது இருந்தால் பேச்சு எளிது. முன்பு சொன்ன 98,000 ரூபாய்த் தளத்தையே எடுங்கள். எட்டு மாதத்தில் பக்க வேகம், பழைய கட்டுரைகளைத் திருத்துவது, இருபது புதுக் கட்டுரைகள் என்று 30,000 செலவு. நிகர லாபம் மாதம் 8,000-க்கு ஏறினால் 28 மடங்கில் 2,24,000. சந்தைத் தளக் கமிஷனைப் பத்து சதவீதம் என்று வைத்தால் 22,400 போகும். எல்லாம் கழித்து 73,600, அதோடு எட்டு மாதம் தளம் ஈட்டியது. லாபம் ஏறாமல் 4,900-லேயே நின்றால் அதே 28 மடங்கில் 1,37,200 தான். கமிஷனும் செலவும் போனால் போட்ட முதலிலிருந்து 4,520 குறையும். அந்த எட்டு மாத வருமானம்தான் காப்பாற்றும்.

வரி, ஜிஎஸ்டி எல்லாம் வருமா?

தொடர்ந்து வாங்கி விற்பவருக்கு அது வியாபார வருமானம். தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. இது லாபம் அல்ல, விற்றுமுதல். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வங்கியிடம் உள்வரவுச் சான்று வாங்கி வையுங்கள். வெளிநாட்டவருக்குப் பணம் அனுப்பி வாங்குவதாக இருந்தால் அனுப்பும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பிடித்தம் செய்ய வேண்டுமா என்பதை அனுப்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கையில மொதல் இல்ல. வாங்காமலே எடையில நின்னு கை மாத்தி விட்டுரலாமா?

விடலாம், அது தரகு. உரிமையாளரிடம் "இன்ன விலைக்கு, 60 நாளுக்குள், இவர் மூலம் விற்கச் சம்மதம், தரகு இத்தனை சதவீதம்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அடுத்தவர் தளத்தைத் தன்னுடையது போலக் காட்டி முன்பணம் வாங்கினால் அது மோசடி வழக்கு. வாங்குபவருக்கும் நீங்கள் தரகர் என்று தெரிய வேண்டும். சர்ச் கன்சோல் அனுமதியை உரிமையாளரே நேராகக் கொடுக்கட்டும், பணமும் அவர் கணக்குக்கே நேராகப் போகட்டும். டொமைன் மாறிய அன்று தரகு கைக்கு வர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், பிறகு தருகிறேன் என்பது இந்தத் தொழிலில் வராத காசு.